காட்டாத பேய், காட்டிக்கொடுத்த கதை

2012 அக்டோபர் 19 அன்று கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ திரைக்கு வந்தபோது தமிழ்நாட்டின் பெரும்பகுதி இருட்டில் கிடந்தது. சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் அது 10 மணி நேரத்தையும் தாண்டிக்கொண்டிருந்தது. எங்கள் காஞ்சிபுரம் சென்னையிலிருந்து எழுபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும் மின்வெட்டுக் கணக்கில் அது மற்ற மாவட்டம். நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் கைத்தறி ஓட மின்சாரம் வேண்டாம்; ஆனால் அறுந்த பட்டிழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வெளிச்சம் வேண்டும். சார்ஜர் விளக்கைத் தறிக்கு மேலே தொங்கவிட்டு நெய்த காலம் அது. அப்படிப்பட்ட நாட்களில், வெளியே ஜெனரேட்டர் உறும, தியேட்டர் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, திரையில் ஒரு பங்களாவில் கரண்ட் போவதைப் பார்த்தோம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பது அந்த வருடம் எல்லோருக்கும் கைப்பழக்கம். சுவரைத் தடவுவது, தீப்பெட்டி எங்கே வைத்தோம் என்று நினைவைக் கிளறுவது, வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கூப்பிட்டவர் பதில் சொல்லாவிட்டால் அரை நொடி நெஞ்சு திக்கென்று நின்று பிறகு அடிக்கும். ‘பீட்சா’ அந்த அரை நொடியை எடுத்து நீட்டிய படம். ஒன்றரைக் கோடி ரூபாய்ச் செலவில் எடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு சிறிய படம், கணினி வித்தையோ கோர முகமோ பெரிதாக இல்லாமல், நாம் ஏற்கெனவே பழகிவைத்திருந்த இருட்டைக் கொண்டே நம்மைக் கதிகலங்க வைத்தது. இந்த முறையின் பலம் என்ன, அது எங்கே சறுக்குகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் படம் எனக்குத் தெரியவில்லை. படத்தின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கதை எளிது. மைக்கேல் (விஜய் சேதுபதி) பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன். அவனோடு வாழும் அனு (ரம்யா நம்பீசன்) பேய்க்கதை எழுத ஆசைப்படுபவள். பேய்களைப் பற்றிப் படிப்பதும் பார்ப்பதுமே வேலையாக இருக்கிறாள். முதலாளி சண்முகத்தின் மகள் நித்யாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது. ஒரு நாள் மைக்கேல் ரத்தக்காயத்தோடும் பித்துப் பிடித்த பார்வையோடும் கடைக்குத் திரும்புகிறான். அனுவைக் காணவில்லை. என்ன நடந்தது என்று அவன் சொல்லத் தொடங்குகிறான். ஒரு பங்களாவுக்கு பீட்சா கொண்டுபோகிறான். வாங்கிக்கொண்ட பெண் சில்லறை எடுத்துவர மாடிக்குப் போகிறாள். கரண்ட் போகிறது. அவள் இறங்கி வரவில்லை.

அதற்குப் பிறகு படத்தின் நடுப்பகுதி முழுவதும் ஒரு மனிதன், ஒரு டார்ச், திறக்காத ஒரு வாசற்கதவு. கோபி அமர்நாத்தின் ஒளிப்பதிவு டார்ச் வட்டத்துக்கு வெளியே இருக்கும் திரையை அப்படியே கறுப்பாக விட்டுவிடுகிறது. தமிழ் சினிமாவின் வழக்கமான இரவு இப்படி இருக்காது. நீல விளக்கைப் போட்டு நாயகனின் முகத்தைத் துலக்கிக் காட்டும். இங்கே முகம் வட்டத்துக்குள் வந்தால் தெரியும், நகர்ந்தால் போய்விடும். திரையின் முக்கால் பங்கு நமக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதில் எதை நிரப்புவது என்பது நம் பொறுப்பு. பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றை நிரப்புகிறார், நாம் வேறொன்றை நிரப்புகிறோம். ஒரே காட்சியில் நானூறு பேர் நானூறு பேய்களைப் பார்க்கிறார்கள். எந்த ஒப்பனைக் கலைஞராலும் செய்ய முடியாத காரியம் இது.

உலக சினிமாவில் இதற்கு நல்ல பரம்பரை உண்டு. 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் நீச்சல்குளத்தில் தனியாக இருக்கிறாள். சுவரில் தண்ணீரின் அலைவெளிச்சம், எங்கிருந்தோ ஓர் உறுமல், அவ்வளவுதான். கையில் பணம் இல்லாததால் பிறந்த சிக்கனம் அது. லூட்டனிடம் தொழில் பழகிய ராபர்ட் வைஸ் 1963இல் ஷெர்லி ஜாக்சனின் நாவலை ‘தி ஹாண்டிங்’ என்று எடுத்தார். அதில் கடைசிவரை பேய் தட்டுப்படுவதே இல்லை. கதவை யாரோ வெளியிலிருந்து அடிக்கிறார்கள், மரக்கதவு மூச்சுவிடுவதுபோல உள்பக்கம் வீங்குகிறது, இருட்டில் ஒருத்தி தோழியின் கையென்று நினைத்து எதையோ இறுகப் பிடித்திருக்கிறாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தோழி தூரத்தில் இருக்கிறாள்.

அதே 1963இல் தமிழில் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ வந்தது என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பாழடைந்த ஜமீன் மாளிகை, நள்ளிரவுக் குரல், பி. சுசீலாவின் பாட்டு. ஏ. வின்சென்ட்டின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு அந்த மாளிகையின் ஒவ்வொரு தூணையும் சந்தேகத்துக்குரியதாக ஆக்கியது. அடுத்த வருடமே வின்சென்ட் பஷீரின் கதையை மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்று தானே இயக்கினார்: ஒரு வீடு, அதில் குடியேறும் ஓர் எழுத்தாளன், ஒரு காலடி ஓசை. எழுத்தாளனும் பேய்வீடும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அனுவுக்கு அரை நூற்றாண்டு முன்பே அவர் பார்த்துவிட்டார்.

நம் ஊர்ப்பக்கத்தில் இன்னும் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது விடிய விடியக் கூத்து நடக்கும். கட்டை கட்டிய பெரிய வேடம் அரங்கத்துக்குள் நேராக நடந்து வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று துரியோதனன் பாடத் தொடங்குவான். சலங்கை கேட்கும். திரையின் மேல்விளிம்பில் கிரீடத்தின் நுனி மட்டும் அசைந்து போகும். பின்பாட்டு ஏறும், மத்தளம் ஏறும், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்காரும், திரை மட்டும் இறங்காது. அது இறங்கும்போது அங்கே நிற்பவன் பகலில் நமக்குத் தெரிந்த மனிதன். ஆனால் அந்த நேரத்துக்குள் நாம் அவனை ராஜாவாக்கி முடித்திருப்போம். பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இந்தத் திரைக்குப் பின்னான பொறுமையும் ஒன்று. ஆகவே மறைத்துவைத்து மிரட்டுவது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான உத்தி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ‘வீட்டில்’ பேய் என்பது நமக்கு ஒப்பீட்டளவில் புதிது. என் பாட்டி காலத்துப் பேய்களுக்கு வீட்டு முகவரி கிடையாது. அவை புளியமரத்தில் இருந்தன, ஏரிக்கரையில் இருந்தன, சுடுகாட்டுப் பாதையில் இருந்தன. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் மோகினி வழியில்தான் நிற்பாள். வீடு என்பது பேயிடமிருந்து தப்பித்து வந்து சேரும் இடம். சினிமாவில் பேய் வீட்டுக்குள் குடியேறியபோது அது நம் வீட்டுக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் ஜமீன் மாளிகை; 2005இன் ‘சந்திரமுகி’யில் வேட்டையபுரம் அரண்மனை; 2014இன் ‘அரண்மனை’க்குப் பெயரே சாட்சி; ‘பீட்சா’வில் பங்களா. எல்லாமே அடுத்தவருடைய, நம்மைவிட வசதியானவருடைய கட்டடங்கள். நமக்கு அங்கே திண்ணைவரைதான் உரிமை.

‘பீட்சா’வின் உண்மையான பலம் இதைப் புரிந்துகொண்டதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மைக்கேல் அந்த பங்களாவின் வாசலில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவன். சந்தர்ப்பம் அவனை உள்ளே இழுக்கிறது. மாடியில் அந்தப் பெண் பிணமாகக் கிடக்கிறாள். வாசற்கதவு திறக்கவில்லை. வெளியே வந்து நிற்கும் அவளுடைய கணவன் இவனைப் பார்த்ததும் என்ன நினைப்பான்? கொலைகாரன் என்றுதான் நினைக்கிறான். போலீஸ் வந்தால் என்ன நினைக்கும்? பணக்கார வீட்டுக்குள் நடு இரவில் ஒரு பிணத்தோடு அகப்பட்டுக்கொண்ட கூலிக்காரனின் பயத்துக்குப் பேயே தேவையில்லை. நாயகன் பேய்க்குப் பயப்படுகிறானா அல்லது தன் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள் என்று பயப்படுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. விஜய் சேதுபதி இதை உடம்பாலேயே நடித்திருக்கிறார். உதவி கேட்கும் குரலிலேயே மன்னிப்புக் கேட்கும் குரலும் இருக்கிறது. மேல்வீட்டுக்காரர்களிடம் பேசிப் பழகியவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

இந்த விதிக்கு மாறாகப் பேயை நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் கொண்டுவந்த படம் என்று 2009இன் ‘யாவரும் நல’த்தைச் சொல்ல வேண்டும். விக்ரம் குமார் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. கடன் வாங்கி வாங்கிய பதின்மூன்றாம் மாடி ஃபிளாட். லிஃப்ட் எல்லோருக்கும் வேலை செய்கிறது, மாதவனுக்கு மட்டும் செய்வதில்லை. பால் திரிகிறது. செல்போனில் படம் எடுத்தால் முகம் கோணுகிறது. பெண்கள் விடாமல் பார்க்கும் நெடுந்தொடரில் அவன் வீட்டில் நடப்பதே நடக்கிறது. பால் திரிவதைக்கொண்டு ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பதறவைக்க முடியும் என்று கண்டுபிடித்தது சாதாரணச் சாதனையல்ல. ஆனால் இரண்டாம் பாதியில் எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. கடந்த காலக் கொலை, குற்றவாளி என்று துப்பறியும் கதையாக மாறி, முதல் பாதியின் பால் மறந்தேபோகிறது.

இந்த இடத்தில்தான் முறையின் குறைகள் தொடங்குகின்றன. பாதிப் படம்வரை பார்வையாளரின் கற்பனையை நம்புகிற நம் இயக்குநர்கள் பாதிக்கு மேல் நம்புவதில்லை. எதையாவது விளக்கிவிடத் துடிக்கிறார்கள். இதற்கு வணிகக் காரணம் இருக்கலாம். எனக்கு வேறொரு காரணமும் தெரிகிறது. தமிழ்ப் பேசும்படம் வளர்ந்த காலத்தில் அதன் மிகக் கூர்மையான குரல்களில் ஒன்று இந்தக் காஞ்சிபுரத்திலிருந்து போனது. அண்ணா எழுதி 1949இல் வந்த ‘வேலைக்காரி’யில் நாயகன் காளியின் முன்னால் நின்று கேள்வி கேட்டான், சாமியார் வேடங்கள் கலைந்தன. அதற்குப் பிறகு தமிழ்த்திரையில் அமானுஷ்யம் என்று வந்தால் அது பொய் என்று நிரூபிக்கப்படும்வரை பார்வையாளருக்கு இருப்புக்கொள்ளாது. ‘யார் நீ?’ (1966) படத்தில் வெள்ளைச் சேலையில் அலையும் பெண்ணுக்குப் பின்னால் சொத்துச் சதிதான் இருக்கிறது. ‘சந்திரமுகி’யில் பேய்க்கு மனநல மருத்துவர் வருகிறார். இந்தப் பகுத்தறிவு மரபை நான் குறைசொல்லவில்லை. அது பல மோசடிகளிலிருந்து நம் மக்களைக் காத்தது. ஆனால் பேய்க்கதை என்ற கலைக்கு அது ஒரு கடினமான பந்தயத்தை வைத்துவிட்டது: பயமுறுத்து, ஆனால் வீட்டுக்கு அனுப்புவதற்குள் பயத்துக்குக் காரணம் சொல்.

‘பீட்சா’ இந்தப் பந்தயத்தை மிகத் தந்திரமாக ஆடுகிறது. பங்களாவே பொய். முதலாளி சண்முகம் மைக்கேலிடம் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் வைரம் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த இருவரும் அபகரிக்கத் திட்டம் போடுகிறார்கள். பேய்க்கதை எழுதத் தெரிந்த அனு கதை எழுதுகிறாள். மைக்கேல் அதை நடித்துச் சொல்கிறான். மகளின் நிலையைப் பார்த்துப் பார்த்துப் பேயை நம்பத் தயாராக இருக்கும் முதலாளி நம்பிவிடுகிறார். கற்பனையை நம்பி எடுத்த படத்தில் கற்பனையே கன்னக்கோல்.

முதல்முறை பார்த்தபோது தியேட்டரே கைதட்டியது, நானும் தட்டினேன். இரண்டாம் முறை பார்த்தபோது கை எழவில்லை. மைக்கேல் முதலாளிக்குச் சொன்ன கதையைத்தான் நாம் பார்த்தோம் என்றால், அந்தக் கதைக்குள் தனியாக நின்று அவன் நடுங்கினானே, அந்த நடுக்கம் யாருக்காக? டார்ச் பிடித்த கையின் வியர்வை யாருக்காக? வாயால் சொன்ன கதையில் அவை இருந்திருக்க முடியாது. கேமரா அவனுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறது. ஹிட்ச்காக் 1950இல் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்தில் ஒரு பொய்யைப் பின்னோக்கு காட்சியாகக் காட்டினார். பார்வையாளர்கள் கோபப்பட்டார்கள், அவரும் பிற்பாடு ட்ருஃபோவிடம் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். கதாபாத்திரம் பொய் சொன்னால் நமக்கு ஆட்சேபணை இல்லை. கேமரா பொய் சொன்னால், எதையும் காட்டாமலேயே நம்மை உழைக்கவைத்த அந்த உடன்பாடு முறிந்துபோகிறது. இருட்டை நிரப்பியது நாம். நிரப்பி முடித்த பிறகு அங்கே வீடே இல்லை என்றால் உழைப்பு வீண்தானே?

காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான பாதை உண்டு. ராஜசிம்மன் காலத்துக் கட்டடம். ஆயிரத்து முந்நூறு வருடக் கல். வாய் சிறியது, மண்டியிட்டுத் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே எழுந்து நின்றால் இரண்டு பக்கமும் தோள் உரசும். முன்னால் போகிறவரின் மூச்சும், பின்னால் வருகிறவரின் ‘பார்த்து, பார்த்து’ என்ற குரலும் தவிர வழிகாட்டி எதுவும் இல்லை. உள்ளங்கை கல்லைத் தடவும்போது நெஞ்சு ஒரு முறை அடைத்துத் திறக்கும். மறுபக்கம் தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், வெளியே வந்த பிறகு உள்ளே கருவறையே கிடையாது என்று யாரும் சொல்வதில்லை. அந்த இருட்டு எதைச் சுற்றியதோ அது இருக்கிறது.

‘பீட்சா’வின் இன்னொரு குறை கொஞ்சம் கசப்பானது. நித்யா என்ற பெண் வீட்டுக்குள் எதனாலோ வதைபடுகிறாள். அவளுடைய வேதனைதான் முதலாளியை ஏமாற்றக் கிடைத்த சாவி. வைரம் கைமாறிய பிறகு படம் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அனுவுக்கும் இதே கதி வேறு விதத்தில். முழுக் கதையையும் சிந்தித்தவள் அவள். ஆனால் படத்தின் பெரும்பகுதியில் அவள் காணாமல்போனவளாக, கற்பனை பங்களாவின் ஒரு மர்மமாகத்தான் வருகிறாள். இருட்டையும் டார்ச்சையும் அவளுடைய மேஜையிலிருந்து தொடங்கியிருந்தால், அவள் எழுத எழுத அந்த பங்களா எழுவதைப் பார்த்திருந்தால், கேமரா பொய் சொல்ல வேண்டிய அவசியமும் வந்திருக்காது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தோஷ் நாராயணன் பல இடங்களில் நிசப்தத்தை மதித்திருக்கிறார். ஆனால் சில இடங்களில், திடுக்கிடுங்கள் என்று உத்தரவு போடும் அந்தப் பழகிப்போன ஒலி அறை விழுகிறது. காதில் வெடி வைத்தால் யாரும்தான் திடுக்கிடுவார்கள். அது பயமில்லை, அனிச்சை. பிற்பாடு வந்த பேய்ப்படங்கள் ‘பீட்சா’வின் நிசப்தத்தை விட்டுவிட்டு இந்த ஒலி அறையைத்தான் பிடித்துக்கொண்டன.

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் பேய்ப்படம் எடுக்க முடியுமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. வழக்கமான பேய்க்கு அங்கே இடமில்லை. திண்ணை தாண்டினால் நடை, நடை தாண்டினால் தறி. குழியில் கால் விட்டு நெய்பவர் உட்கார்ந்திருப்பார். கோர்வைச் சேலை என்றால் மறுபுறம் நாடா வாங்கித் திருப்பிக் கொடுக்க இன்னொருவர். ஒரு மூலையில் வயதானவர் தார் சுற்றுவார். பாவு ஓடுகிற நீளத்துக்கு வீடே இழுபட்டுக் கிடக்கும். பூட்டிய மாடி அறை கிடையாது, ஆளில்லாத கூடம் கிடையாது. தனியாக இருக்க முடியாத வீட்டில் பேயும் தனியாக வராது.

ஆனாலும் அந்த வீட்டுக்குள் ஓர் அசல் திகில் படம் எடுக்கப்பட்டிருக்கிறது, பேய் இல்லாமல். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த படமாகத் தேர்வானது. பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகரானார். அதை எல்லோரும் நெசவாளர் துயரக் கதை என்றுதான் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அது பூட்டிய அறையைப் பற்றிய படமும்கூட. மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்ட வேங்கடம், முதலாளியின் பட்டிழையை வாய்க்குள் ஒளித்துத் திருடிவந்து, இரவில் மூடிய கொட்டகைக்குள் யாருக்கும் தெரியாமல் நெய்கிறான். தறியோ சத்தம் போடாமல் இருக்காது. மிதியை மிதித்தால் கேட்கும், அச்சு அடித்தால் கேட்கும். கதவுக்கு அந்தப் பக்கம் எந்தக் காது இருக்கிறதோ என்ற பயம் ஒவ்வொரு இழையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மூடிய கதவு, உள்ளே ஓர் ஓசை: பேய்வீட்டுப் படத்தின் முழு இலக்கணமும் இங்கே இருக்கிறது, நாம் மட்டும் கதவின் உள்பக்கம் நிற்கிறோம். ஃபாசிலின் ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படத்தின் ஒரு பகுதியைப் படம்பிடித்த இரண்டாம் குழுவில் இயக்குநராக இருந்தவரும், பின்னர் அதை இந்தியில் ‘பூல் புலையா’ என்று எடுத்தவரும் இதே பிரியதர்ஷன்தான். பூட்டிய அறையின் மதிப்பு அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வேங்கடத்தையும் மைக்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே கதை என்று தெரியும். முதலாளியின் விலைமதிப்புள்ள பொருள், அதைக் கையில் தூக்கிச் சுமக்கும் கூலி, ஒரு திருட்டு, அதை மறைக்க ஒரு நாடகம். வேங்கடம் அகப்பட்டு எல்லாவற்றையும் இழக்கிறான். முடிக்காத சேலைத்துணி மகளின் உடலைப் போர்த்தக்கூடப் போதவில்லை. அந்தக் குற்றத்தையும் தண்டனையையும் படம் நம் கண்முன் வைக்கிறது. ‘பீட்சா’ தன் திருட்டைச் சாமர்த்தியமாகக் கொண்டாடிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறது. முதலாளி கள்ளத்தனமாக வைரம் கடத்துபவர் என்பதால் நமக்கும் உறுத்தவில்லை. பயம் என்ற உணர்வுக்கு ஏதோ ஒரு கணக்குத் தீர்க்கும் குணம் இருக்கிறது. ‘காஞ்சிவரம்’ அந்தக் கணக்கை முழுசாகத் தீர்த்தது, அதனால்தான் அந்தக் கொட்டகைக் கதவு ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்கிறது.

ஆனால் கார்த்திக் சுப்புராஜுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கடைசிக் காட்சியில் மைக்கேல் இன்னொரு வீட்டுக்கு பீட்சா கொண்டுபோகிறான். கரண்ட் போகிறது. ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் பெயர் நித்யா. கதவு சாத்திக்கொள்கிறது. படம் அங்கே முடிகிறது. இரண்டு மணி நேரம் ஏமாற்றியவனுக்கு ஒரே நிமிடத்தில் பதில். இந்த முறை கதை சொல்ல அவனுக்கு முதலாளி கிடையாது, எழுதிக்கொடுக்க அனுவும் பக்கத்தில் இல்லை. விளக்கமும் இல்லை. அந்தச் சிறுமி யார், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டதில்தான் இந்த இயக்குநரின் துணிச்சல் இருக்கிறது. அனுவின் பொய்க்கதையில் இருந்த எல்லாமே இங்கே மறுபடி வருகின்றன, அவை இப்போது யாருடைய கற்பனையும் இல்லை.

தொடர்ந்து வந்தவை பெரும்பாலும் ஏமாற்றம். 2014இல் இந்தியில் இதே ‘பீட்சா’வை முப்பரிமாணத்தில் எடுத்தார்கள், காட்டாமல் விடுவதையே உயிராகக் கொண்ட கதையை மூக்குக்கு முன்னால் நீட்டுவதில் என்ன தர்க்கம் என்று எனக்குப் புரியவில்லை. தமிழில் பேய் சிரிப்புக்கும் குத்துப்பாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. விதிவிலக்காக அஷ்வின் சரவணனைச் சொல்வேன்: ‘மாயா’ (2015), அதன்பின் ‘கேம் ஓவர்’ (2019). இரண்டாவதில் சக்கர நாற்காலியில் ஒரு பெண், ஒரு வீடு, வெளியே யாரோ. அங்கே விளக்கப்படாமல் விடப்படும் விஷயங்கள் அவளுடைய பழைய காயத்திலிருந்தே வருகின்றன. கேமரா அவளுக்குத் துரோகம் செய்வதில்லை.

‘பீட்சா’வின் கடைசி நிமிடத்துக்காக அந்தப் படத்தின் ஒலி அறைகளை நான் பொறுத்துக்கொள்வேன், பெண்களை மறந்ததைக்கூட வருத்தத்தோடு கடந்துவிடுவேன். பின்னோக்கு காட்சியின் பொய்யை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. அந்த நடுப்பகுதி அவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. அது உண்மையாக நடந்ததாகவே இருக்கட்டும் என்று மனம் இப்போதும் விரும்புகிறது.